வெல்டிங் பொறியிலிருந்து லைட் கண்ணாடியைக் காப்பாற்றுவது: மூன்று வருட அனுபவம்

சேலம் சூரமங்கலம் பக்கம் கேட், கிரில் செய்யும் சின்னப் பட்டறை எங்களுடையது. கேட்டின் உள்மூலையில் வெல்டு வைக்கும்போது மேலே டியூப் லைட் எரிந்தாலும் நம் நிழல்தான் வேலையின் மேல் விழும். அதற்காக அடியில் காந்தம் வைத்த சார்ஜ் லைட் ஒன்று வாங்கினேன். இரும்பில் எங்கு வைத்தாலும் ஒட்டிக்கொள்ளும், மூட்டுக்கு நேராகத் திருப்பிக்கொள்ளலாம். அவ்வளவு வசதி.

நாலே மாதத்தில் வெளிச்சம் பாதியானது. பேட்டரி போய்விட்டது என்று நினைத்துப் புது செல் போட்டேன். ஒரு மாற்றமும் இல்லை. அப்புறம்தான் வெயிலில் கொண்டுபோய் முகக்கண்ணாடியைச் சாய்த்துப் பார்த்தேன். ராகியை அள்ளித் தெளித்த மாதிரி கண்ணாடி முழுக்கக் கருப்புப் புள்ளிகள். நகத்தால் சுரண்டினால் ஒவ்வொன்றிலும் நகம் தட்டியது. துணியால் துடைத்துப் போகிற அழுக்கு இல்லை அது, கண்ணாடிக்குள் இறங்கி உட்கார்ந்துவிட்ட இரும்பு. சில புள்ளிகளைச் சுற்றித் துருவின் பழுப்பு வேறு.

காரணம் எளிது. இரும்பு உருகுவது 1538 டிகிரியில். சாதாரணக் கண்ணாடியோ 700 டிகிரிப் பக்கத்திலேயே இளகத் தொடங்கிவிடும். வெல்டு வைத்த இடத்தைத் தேய்த்துச் சமன் செய்யும் கிரைண்டரின் பொறி பறக்கும்போதே காற்றுப் பட்டு எரிந்து இன்னும் சூடாகும். அந்தச் சூட்டில் கண்ணாடியைத் தொட்டால் தொட்ட இடத்தை இளக்கி உள்ளே ஒட்டிக்கொள்கிறது. வெல்டிங் ராடிலிருந்து தெறிப்பதைவிட கிரைண்டர் பொறிதான் கண்ணாடிக்குப் பெரிய எதிரி என்பது என் அனுபவம். பலரும் இதைத் தலைகீழாக நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

அதே மாடலில் இரண்டாவது லைட் வாங்கினேன். இன்று வரை ஓடுவது அதுதான். முதல் நாளிலிருந்தே கண்ணாடியைக் காப்பாற்ற ஒவ்வொன்றாகச் செய்து பார்த்தேன்.

முதலில் வாசலின். ரேஞ்சில் பிஸ்டல் சுடப் பழகும் நண்பர் ஒருவர் சொன்ன யோசனை இது. பிஸ்டலின் குழலுக்கு அடியில் பொருத்தும் சின்ன லைட்டின் கண்ணாடியில், ஒவ்வொரு முறை சுடும்போதும் மருந்துப் புகைக் கரி படியுமாம். "உதட்டுக்குப் பூசுற லிப் பாமை லேசா தடவிட்டுச் சுடுவாங்க மாப்ள. கரி கண்ணாடியில பிடிக்காது, கடைசியில துடைச்சா வந்துடும்" என்றார். கரிக்கு அது சரியான வழிதான். எங்கள் லைட்டிலும் வெல்டிங் புகை படிந்தது, துணியால் ஒரே இழுப்பில் வந்தது. ஆனால் பறக்கும் பொறியை ஒரு மெல்லிய எண்ணெய்ப் பூச்சு எப்படித் தடுக்கும்? தடுக்கவில்லை. அதோடு கிரைண்டிங் தூள் அதில் மாவு மாதிரி அப்பிக்கொண்டது. கேஸ் கட்டிங் செய்கிறவர்கள் இதைத் தொடவே வேண்டாம். ஆக்சிஜன் சிலிண்டர் வால்வு, ரெகுலேட்டர் பக்கத்தில் எண்ணெய்ப் பசை பட்ட கை போகவே கூடாது, தீப்பிடித்துவிடும்.

செல்லோடேப் இரண்டு நாள் கூடத் தாங்கவில்லை. சூட்டில் பசை வெந்து வெள்ளையாகிப்போனது. தேங்காய் எண்ணெய் தடவி ஊறவைத்து, சோப்புத் தண்ணீரில் கழுவித்தான் எடுக்க முடிந்தது.

கடைசியில் கைகொடுத்தது பாலிகார்பனேட், கண்ணாடி மாதிரித் தெளிவான ஒரு பிளாஸ்டிக். 1 மி.மீ. தகட்டில் ஒரு துண்டு வாங்கி, லைட்டின் முகத்தை வைத்து வட்டம் போட்டு, தகடு வெட்டும் கத்தரியால் வெட்டினேன். பழைய சைக்கிள் டியூபில் ஒரு விரல் அகலத்துக்கு வளையம் நறுக்கி, வட்டத்தின் விளிம்பையும் லைட்டின் விளிம்பையும் சேர்த்துப் பிடிக்க மாட்டினேன். பொறி பட்டால் இதிலும் தழும்பு விழும். விழட்டும், மாற்றினால் போகிறது. ஒரு வட்டம் எங்கள் வேலைக்கு இரண்டு மாதம் வருகிறது. வாங்கும்போது பார்க்க அதே மாதிரி இருக்கும் அக்ரிலிக்கைக் கொடுத்துவிடப் போகிறார்கள், கேட்டு வாங்குங்கள். அக்ரிலிக் வளைத்தால் பட்டென்று உடையும், தீயும் சுலபமாகப் பிடிக்கும்.

இதிலும் ஒருமுறை கெடுத்தேன். பெயிண்ட் பட்ட வட்டத்தைத் தின்னர் தொட்டுத் துடைத்தேன். கொஞ்ச நேரத்தில் சிலந்தி வலை மாதிரி வெடிப்பு ஓடிவிட்டது. பாலிகார்பனேட்டுக்குத் தின்னர், அசிட்டோன், பெட்ரோல் எதுவும் ஆகாது.

துடைப்பதற்கு முன் ஒரு வேலை இருக்கிறது. லைட்டின் காந்தமே இரும்புத் தூளை இழுத்து, ஓரமெல்லாம் தாடி முளைத்த மாதிரி நிற்கும். அதோடு சட்டை முனையால் துடைத்தால் உப்புத்தாள் போட்ட கதைதான். பழைய ஸ்பீக்கர் காந்தம் ஒன்றைப் பிளாஸ்டிக் கவருக்குள் போட்டு கண்ணாடிக்கு மேல் காட்டினால் தூள் கவரில் ஏறிக்கொள்ளும். கவரைத் திருப்பி உருவி உதறிவிடலாம். மிச்சத்தை ஊதிவிட்டு, சோப்புத் தண்ணீர், பழைய வேட்டித் துணி. போதும்.

இன்னொன்று, லைட்டை வைக்கும் இடம். எங்கள் பட்டறைத் தம்பி கிரைண்டரின் பொறி பாயும் பக்கத்திலேயே லைட்டை ஒட்டுவான். எதிர்ப்பக்கம், ஒன்றரை அடி தள்ளி வைக்கப் பழக்கிய பிறகு வட்டம் கூடுதலாக ஒரு மாதம் வந்தது. முதலிலேயே இதைச் செய்திருக்க வேண்டும்.

ஏற்காட்டில் ஒரு எஸ்டேட் பங்களாவுக்கு கேட் போட மார்கழியில் போனபோது புதுத் தொல்லை. பனியில் வட்டத்துக்கும் கண்ணாடிக்கும் நடுவில் ஈரம் பூத்து, வெளிச்சம் பால் மாதிரி ஆனது. வட்டத்தைக் கழற்றி இரண்டையும் துடைத்து, லைட்டைக் கொஞ்ச நேரம் எரியவிட்டுச் சூடான பிறகு மாட்டினோம். அப்புறம் பூக்கவில்லை. இப்போது மலைக்குப் போனால் காலையில் முதல் வேலை அதுதான்.

வெல்டிங் ஹெல்மெட்டுக்கு இந்தக் கைவேலையெல்லாம் வேண்டாம். அதற்கென்று விற்கும் வெளிக்கண்ணாடியையே வாங்கி மாற்றுங்கள். தானாகக் கறுக்கும் ஹெல்மெட்டில் சென்சார் மேல் கரி மூடினால் கண்ணாடி கறுக்காமலே போகலாம். ஒருமுறை அப்படி வெளிச்சம் அடித்து, ராத்திரி முழுக்கக் கண்ணில் மணல் கொட்டிய மாதிரி கிடந்தேன். அதிலிருந்து தினமும் காலையில் ராடு மாட்டுவதற்கு முன் சென்சாரைத் துடைத்துவிடுகிறேன்.

வாசலின் பூசிப் பார்த்த நாட்களில் விழுந்த சில புள்ளிகளைத் தவிர, லைட்டின் சொந்தக் கண்ணாடி மூன்று வருடம் கழித்து இன்றும் நகம் தட்டாமல் வழுவழுவென்று இருக்கிறது. போன வாரம் பேட்டரிதான் நிஜமாகவே இறங்கியது, செல் மாற்றினேன்.