டார்நீட்டா, கிளைட் நார்த்தா? ஓடிக்கிட்டிருக்கற ரயிலும் வரப்போற ரயிலும்

மெல்பர்ன்ல மொத வீடு வாங்கப் போற நம்ம ஆளுங்க பட்ஜெட்ட வச்சு ஒவ்வொரு ஏரியாவா கழிச்சுக்கிட்டே வந்தா கடைசில ரெண்டு ஏரியாதான் மிஞ்சும், மேற்கால டார்நீட், தென்கிழக்கால கிளைட் நார்த். நாங்களும் இந்த ரெண்டுக்கும் நடுவுலதான் ரொம்ப நாள் அல்லாடினோம், கடைசில டார்நீட்ல வாங்கினோம். அதனால நான் எழுதறது டார்நீட் பக்கம் கொஞ்சம் சாயத்தான் செய்யும், அத மொதல்லயே சொல்லிடறேன். கிளைட் நார்த்ல நாங்க குடியிருந்தது இல்ல, சொந்தக்காரங்க வீட்டுக்குப் போய் வந்த பழக்கமும் வீடு தேடி அலைஞ்ச அனுபவமும்தான்.

மொதல்ல ஜனத்தொகை, ஏன்னா மத்த எல்லாமே அதுலேருந்துதான் வருது. டார்நீட்ல 2016 சென்சஸ்ல 34,562 பேரு, 2021-ல 56,370 பேரு. அஞ்சு வருஷத்துல இருபதாயிரத்துக்கு மேல கூடியிருக்கு, அதுவும் நடுவுல கோவிட் வந்து பார்டர மூடி வச்சிருந்த காலத்தையும் சேத்து. கிளைட் நார்த் 2016-ல பத்தாயிரத்துக்கும் கீழ, 2021-ல முப்பதாயிரத்தத் தாண்டிடுச்சு, அதாவது வேகத்துல பாத்தா கிளைட் நார்த்தான் முன்னாடி. டார்நீட் இருக்கற விண்டம் கவுன்சில்ல 2021 கணக்குப்படி 2,92,011 பேரு, கிளைட் நார்த் இருக்கற கேஸி கவுன்சில்ல 3,65,239 பேரு. ரெண்டு பக்கமும் கைக்குழந்தையோட இருக்கற குடும்பங்கதான் ஜாஸ்தி, ரெண்டு பக்கமும் இந்தியாவுலேருந்து வந்தவங்க நெறைய. டார்நீட்ல இங்கிலீஷுக்கு அடுத்து வீட்டுல பேசற மொழி பஞ்சாபி, கிளைட் நார்த் பக்கம் பஞ்சாபியோட சிங்களம் பேசறவங்களும் கணிசமா உண்டு.

மத்த விஷயமெல்லாம் சட்டுனு சொல்லிடறேன், இதுல பெரிய வித்தியாசம் கெடையாது. நெலம் ரெண்டு பக்கமும் சின்னதாயிட்டே வருது, பக்கத்து வீட்டு சுவருக்கும் நம்ம சுவருக்கும் நடுவுல ஒரு ஆளு ஒருக்களிச்சுப் போற எடம்தான். இந்தியன் கடை ரெண்டு பக்கமும் உண்டு. கோயில்னா இந்தப் பக்கம் சன்ஷைன் நார்த் முருகன் கோயில், அந்தப் பக்கம் கேரம் டவுன்ஸ் சிவா விஷ்ணு கோயில், ரெண்டுக்கும் காருலதான் போகணும். பச்சைப்பசேல்னு இருக்கணும், மழை வேணும்னா கிழக்குதான், மேற்கு வறண்ட சமவெளி, காத்து பிச்சுக்கிட்டு அடிக்கும். வெலை பொதுவா கிளைட் நார்த்ல கொஞ்சம் ஜாஸ்தி.

சரி, எங்களுக்கு முடிவு பண்ண வச்சது எதுன்னா ரயில். ரயில்னு பொதுவா சொல்லல, ஏற்கனவே ஓடிக்கிட்டிருக்கற ரயில்.

டார்நீட் ஸ்டேஷன் 2015 ஜூன்ல தொறந்தாங்க. பக்கத்து நகரமான ஜீலாங் போற ரயிலயும் வெரிபி லைன்ல போற லோக்கல் ரயிலயும் தனித்தனியா பிரிக்கணும்னு ரீஜனல் ரயில் லிங்க்னு ஒரு புது தண்டவாளம் போட்டாங்க, அந்தப் பாதையில வந்ததுதான் டார்நீட்டும் விண்டம் வேலும். நம்ம ஊருக்குன்னு யோசிச்சுப் போட்ட லைன் இல்ல, ஜீலாங் ஆளுங்களுக்காகப் போட்ட லைன் நம்ம ஊரு வழியா வந்தது. ஆனா வந்துடுச்சு, அதுதான் முக்கியம். டார்நீட்லேருந்து சிட்டில இருக்கற சதர்ன் கிராஸ் ஸ்டேஷனுக்கு சுமாரா அரை மணி நேரம். நடுவுல டீர் பார்க், சன்ஷைன், ஃபுட்ஸ்க்ரேனு மூணு நாலு எடத்துல நிக்கும், அவ்வளவுதான்.

கிளைட் நார்த்ல ஸ்டேஷனே கெடையாது. கிரான்போர்னுக்கோ பெரிக்குக்கோ காருல போகணும், இல்ல பஸ்ஸு, அங்கேருந்து சிட்டிக்கு இன்னும் ஒரு மணி நேரம் சுமாரா. சிட்டியிலேருந்து தூரமே டார்நீட் 25 கிலோமீட்டர்னா கிளைட் நார்த் 45-க்கு மேல. காலைல வீட்டு வாசல்லேருந்து ஆபீஸ் வாசல் வரைக்கும் கணக்குப் போட்டுப் பாருங்க, ஒரு நாளைக்கு ரெண்டு பேருக்கும் சேத்து ரெண்டு ரெண்டரை மணி நேரம் வித்தியாசம் வரும், அது புள்ளைங்களோட உக்காந்து சாப்பிடற நேரம், அத எந்த ஏஜென்ட்டும் ப்ரோஷர்ல போட மாட்டான். அது போக ரெண்டாவது காரு. டார்நீட்ல ஸ்டேஷனுக்கு நடக்கற தூரத்துல வீடு கெடச்சா ஒரு காருல குடும்பத்த ஓட்டிடலாம், கிளைட் நார்த்ல ரெண்டு பேரும் வேலைக்குப் போறவங்கன்னா ரெண்டு காரு இல்லாம முடியவே முடியாது, இன்சூரன்ஸ், ரெஜோ (வண்டிப் பதிவுக் கட்டணம்), சர்வீஸ், பெட்ரோல்னு வருஷா வருஷம் போறது வீட்டு லோன்ல சில மாசத் தவணைக்கு சமம்.

கிளைட் நார்த்துக்குப் பக்கத்துல இருக்கற கிளைட்டுக்கு ரயில் வரும்னு சொல்றாங்களேன்னு கேப்பீங்க. சொல்லத்தான் செய்யறாங்க. ஒரு காலத்துல அந்தப் பக்கம் ரயில் ஓடிக்கிட்டிருந்தது, சவுத் ஜிப்ஸ்லாண்ட் லைன், லியோங்காத்தாவுக்குப் போன பாசஞ்சர் ரயில 1993-ல நிறுத்திட்டாங்க. அந்தப் பழைய பாதைக்கான எடம் இன்னும் அப்படியே இருக்கு. டான்டினாங்லேருந்து கிரான்போர்ன் வரைக்கும் ஒத்தை தண்டவாளமா இருந்தத ரெட்டையாக்கற வேலை 2022-ல முடிஞ்சுது, அப்பவே இது பின்னால கிளைட் வரைக்கும் நீட்டறதுக்கு வழி பண்ணும்னுதான் சொன்னாங்க. ஆனா நீட்டல. எஸ்டேட் (புது வீட்டு மனை) விக்கறவங்க மேப்ல புள்ளி புள்ளியா ஒரு கோடு போட்டுக் காட்டுவாங்க, அந்தக் கோட்டுக்கும் சேத்துதான் நம்மகிட்ட காசு வாங்கறாங்க.

இது கிளைட்டுக்கு மட்டும் நடக்கல, மேற்குலயும் இதே கதைதான். 2018-ல வெஸ்டர்ன் ரயில் பிளான்னு அறிவிச்சாங்க, மெல்டன், விண்டம் வேல் ரெண்டு லைனையும் எலக்ட்ரிக் ஆக்கறோம், லோக்கல் மெட்ரோ ரயிலு வரும்னு. இன்னைக்கு வரைக்கும் டார்நீட் வழியா போறது டீசல் வண்டிதான். அதனால நான் சொல்ல வர்றது ஒண்ணே ஒண்ணுதான், இந்த மாதிரி வளர்ற ஏரியாவுல ஜனம் மொதல்ல வரும், வசதி பல வருஷம் கழிச்சுதான் வரும், நடுவுல இருக்கற அந்த வருஷங்களத்தான் நம்ம புள்ளைங்க வளர்ற வருஷமா நாம வாழப் போறோம். அதனால இன்னைக்கு ஓடற வண்டிக்குக் காசு குடுங்க, வரப்போறதுக்குக் குடுக்காதீங்க.

ஆனா டார்நீட் ரயில்ல கஷ்டம் இல்லாம இல்ல. அது வி லைன்ங்கற வெளியூர் ரயில் சர்வீஸோட வண்டி, ஊரு விட்டு ஊரு போறதுக்காக செஞ்சது, உள்ள டாய்லெட் இருக்கும், மெத்து சீட்டு இருக்கும், ஆனா நின்னுக்கிட்டுப் போறதுக்கு எடம் கம்மி, ஏறி எறங்க நேரமாகும். வி லைன்ல சதர்ன் கிராஸ விட்டா அதிகமா ஆளு ஏறி எறங்கற ஸ்டேஷன் டார்நீட்தான்னா பாத்துக்கோங்க. ஜீலாங் பக்கத்துலேருந்து வர்ற வண்டி டார்நீட்டுக்கு வரும்போதே நெரம்பி வரும், வாசல் பக்கத்துல பையைக் கால் நடுவுல வச்சுக்கிட்டு நிக்கணும், டீர் பார்க்ல இன்னும் ஏறுவாங்க, சன்ஷைன்ல நாலு பேரு எறங்கினாதான் கொஞ்சம் மூச்சு விடலாம். பீக் நேரத்துல சில வண்டி விண்டம் வேல்லேருந்தே கெளம்பும், அதுல உக்காரவே எடம் கெடைக்கும், பழகினவங்க அதுக்குத் தகுந்த மாதிரி கெளம்புவாங்க. கார் பார்க்கிங் காலைல சீக்கிரமே நெரம்பிடும், அதனாலதான் நடக்கற தூரம்னு திரும்பத் திரும்ப சொல்றேன். டார்நீட்டுக்கும் விண்டம் வேலுக்கும் நடுவுல டேவிஸ் ரோடு பக்கம் வெஸ்ட் டார்நீட்னு இன்னொரு ஸ்டேஷன் கட்டறாங்க, 2026-னு தேதி சொல்லியிருக்காங்க, கார் பார்க்கிங் நெருக்கடிய அது கொஞ்சம் கொறைக்கலாம், ஆனா வண்டிக்குள்ள கூட்டத்துக்கு நீளமான வண்டி வந்தாதான் வழி.

கிளைட் நார்த் பக்கத்துக்கு இப்ப ஒரு பெரிய பலம் வந்திருக்கு, அத மறைக்கக் கூடாது. சிட்டிக்கு அடியில போற மெட்ரோ டனல்ங்கற ரயில் சுரங்கம் 2025 நவம்பர் 30 தொறந்தாச்சு, ஆர்டன், பார்க்வில், ஸ்டேட் லைப்ரரி, டவுன் ஹால், ஆன்சாக்னு அஞ்சு புது ஸ்டேஷன், கிரான்போர்ன் லைன் அதுக்குள்ளதான் போகுது. பார்க்வில் ஹாஸ்பிட்டல்ல வேலை பாக்கறவங்க, யூனிவர்சிட்டில படிக்கறவங்க கிரான்போர்ன்ல ஏறினா மாறாம நேரா போய் எறங்கலாம். டார்நீட் ஆளுங்க சன்ஷைன்லயோ ஃபுட்ஸ்க்ரேலயோ மாறணும். தூரம் தூரம்தான், ஆனா மாறாம போற சுகம் வேற, அது எனக்கும் தெரியுது.

ரோடு ரெண்டு பக்கமும் மோசம். இங்க டெர்ரிமட் ரோடு, லீக்ஸ் ரோடு, டோஹர்ட்டிஸ் ரோடு எல்லாத்தையும் வெஸ்டர்ன் ரோட்ஸ் அப்கிரேட்னு அகலமாக்கினாங்க, ஆக்கி முடிக்கறதுக்குள்ள அதுக்கும் மேல ஜனம் வந்துடுச்சு. வெஸ்ட் கேட் டனல்னு ரோடு சுரங்கம் 2025 டிசம்பர்ல தொறந்தாங்க, வெஸ்ட் கேட் பாலத்த மட்டுமே நம்பியிருந்த மேற்குக்கு அது ஒரு மாத்து வழி, ஆனா டோல் கட்டணும், அதுவும் காலைல சிட்டிக்குள்ள போற எக்ஸிட்டுக்கு தனியா ஒரு கட்டணம். டார்நீட்லேருந்து ஃப்ரீவேக்குப் போய்ச் சேர்றதே பாதிப் போராட்டம், அதுக்கு டனல் ஒண்ணும் பண்ண முடியாது.

இப்ப வேலை. இந்த எடத்துல நான் கிளைட் நார்த் பக்கம்தான் ஓட்டுப் போடுவேன். அந்தப் பக்கம் டான்டினாங் சவுத் இருக்கு, ஃபேக்டரியும் வேர்ஹவுஸுமா பெரிய இண்டஸ்ட்ரியல் ஏரியா, அமேசான் ஆஸ்திரேலியாவுக்கு வந்தப்ப 2017-ல மொத வேர்ஹவுஸ அங்கதான் போட்டான். அதத் தாண்டி கிளேட்டன், மொனாஷ் யூனிவர்சிட்டி, மொனாஷ் மெடிக்கல் சென்டர், சிங்க்ரோட்ரான் ஆராய்ச்சிக் கூடம்னு படிச்சவங்களுக்கான வேலை, அதுவும் கிரான்போர்ன் லைன்லயே இருக்கு. பெரிக்ல கேஸி ஹாஸ்பிட்டல் இருக்கு. நர்ஸா, லேப்ல, இன்ஜினியரா வேலை பாக்கறவங்களுக்கு சிட்டிக்கே போக வேண்டிய அவசியம் இல்லாம போகலாம்.

மேற்குல அப்படி இல்ல. ட்ருகனினா, லாவர்ட்டன் நார்த் பக்கம் போனா கண்ணுக்கு எட்டின தூரம் வேர்ஹவுஸ்தான். ஃபோர்க்லிஃப்ட், டிரக், சாமான எடுத்து பேக் பண்றதுன்னு வேலை கெடைக்கும், புதுசா வந்தவங்களுக்கு அது பெரிய ஆதரவு. ஆனா புதுசா கட்டறதெல்லாம் மெஷின வச்சு ஓட்டறது, ட்ருகனினாவுல கோல்ஸ் 2024-ல தொறந்த ஆன்லைன் ஆர்டர் சென்டர்ல ரோபோதான் சாமான் எடுக்குது, அவ்வளவு பெரிய கட்டடத்துக்கு ஏத்த ஆளு எடுக்க மாட்டாங்க. ஆபீஸ் வேலை விண்டம்ல ரொம்ப கம்மி. ஈஸ்ட் வெரிபில கவர்மென்ட் நெலம் 400 ஹெக்டேர் கெடக்கு, ஆயிரக்கணக்குல வேலை வரும்னு ரொம்ப வருஷமா சொல்லிக்கிட்டிருக்காங்க. ஆஸ்திரேலியன் எஜுகேஷன் சிட்டினு ஒரு திட்டம், யூனிவர்சிட்டி எல்லாம் வரும்னு பேசினாங்க, 2019-ல கவர்மென்ட்டே ரத்து பண்ணிடுச்சு. அத நெனச்சா எனக்கு இன்னும் ஆதங்கமா இருக்கு, ஏன்னா அது வந்திருந்தா எங்க தெருவுல பாதிப் பேரு காலைல இருட்டுல கெளம்ப வேண்டி இருந்திருக்காது. இப்போதைக்கு விண்டம்ல குடியிருக்கறவங்க நெறைய பேரு வேலைக்கு வெளியதான் போறாங்க, அதனாலதான் எங்களுக்கு ரயில் அவ்வளவு முக்கியமாப் போச்சு. சிட்டில வேலை, வீட்டுலேருந்து வேலை ரெண்டும் கலந்து இருக்கறவங்களுக்கு டார்நீட் சரியா வரும்.

இன்னொண்ணு மண்ணு. மேற்குல புதுசா வீடு கட்டறவங்க இதக் கண்டிப்பா கவனிக்கணும். மெல்பர்ன் மேற்கு பூரா எரிமலைக் கல்லு, அதுக்கு மேல களிமண்ணு. மழைல ஊறினா உப்பும், வெயில்ல காஞ்சா சுருங்கி வெடிக்கும், கோடைல தோட்டத்துல விரல விடற அளவுக்கு வெடிப்பப் பாக்கலாம். அதுக்காக தளத்த கெட்டியா போடணும், தோண்டும்போது பாறை வந்தா அதுக்கும் தனியா காசு. பில்டர் போர்டுல போட்டிருக்கற வெலை வேற, சைட் காஸ்ட் (மண்ணு, பாறைன்னு அந்த எடத்துக்கு ஆகற தனிச் செலவு) சேத்து வர்ற வெலை வேற. கையெழுத்து போடறதுக்கு முன்னாடி சாயில் ரிப்போர்ட் வாங்கிப் பாத்து, சைட் காஸ்ட்ட ஃபிக்ஸ் பண்ணி எழுத்துல வாங்கிடுங்க. கிளைட் நார்த்லயும் களிமண்ணு உண்டுன்னு சொல்றாங்க, அங்க கட்டினவங்ககிட்ட கேட்டுக்கறது நல்லது.

ரீசேல் பத்தி நான் அடிச்சு சொல்ல மாட்டேன். மேற்குல இன்னும் காலி நெலம் ஏராளம், புது எஸ்டேட் வந்துக்கிட்டே இருக்கற வரைக்கும் பழைய வீட்டு வெலை மெதுவாத்தான் ஏறும், எங்க வீடும் அப்படித்தான். கிழக்குல அந்த அளவுக்கு மெதுவா இல்லன்னு பாத்தாலே தெரியுது. நாலஞ்சு வருஷத்துல வித்துட்டு வேற எடம் போற எண்ணம் இருந்தா கிளைட் நார்த் நல்லா வரலாம். ஆனா டார்நீட்டுக்குள்ளயே ஸ்டேஷன் பக்கத்து வீடு, வாடகைக்கு விட்டா ரொம்ப நாள் காலியா நிக்கறதில்ல, அத நாங்க எங்க தெருவுலயே பாக்கறோம்.

ரெண்டு பேருக்கும் வேலை டான்டினாங், கிளேட்டன் பக்கம்னா யோசிக்கவே வேணாம், கிளைட் நார்த் போங்க, டார்நீட்லேருந்து மொனாஷ் ஃப்ரீவே வரைக்கும் தெனம் சிட்டியக் கடந்து ஓட்டறது நடக்காத காரியம். ஒருத்தருக்காவது சிட்டி, சன்ஷைன், ஃபுட்ஸ்க்ரே பக்கம் வேலைன்னா டார்நீட் வந்து பாருங்க, சனி ஞாயிறு இன்ஸ்பெக்‌ஷனுக்கு மட்டும் வராம ஒரு வேலை நாள் காலைல ஏழு மணிக்கு அந்த வீட்டுலேருந்து ஸ்டேஷன் வரைக்கும் நடந்து, வண்டில ஏறி ஆபீஸ் வரைக்கும் போய்ப் பாருங்க. கூடவே அந்த அட்ரஸ் எந்த ஸ்கூல் ஜோன்ல வருதுன்னும் பாத்துடுங்க, புது ஸ்கூல் தொறக்கற வருஷம் ஜோன் மாறிடும், பக்கத்துத் தெரு வேற ஸ்கூலுக்குப் போயிடும்.