இரண்டடித் தொட்டியில் யாரைக் குடிவைப்பது?

60 செ.மீ. நீளம், 30 செ.மீ. அகலம், 30 செ.மீ. உயரம். கணக்குப்படி இந்த மீன்தொட்டி 54 லிட்டர் கொள்ளும். மணல், கல், மேலே விடும் இடைவெளி எல்லாம் போக 45 லிட்டர் தேறினால் அதிகம். இதில் விடத் தங்கமீன், கப்பி, நியான் டெட்ரா மூன்றையும்தான் பலரும் யோசிக்கிறார்கள்.

தங்கமீனுக்கு என் ஓட்டு இல்லை. வாங்கும்போது விரல் நீளம்தான் இருக்கும். உருண்டை உடல் வகைகள்கூட 15 செ.மீ. வரை வளரும், சாதாரண வகை 20 செ.மீ.யைத் தாண்டும். மீன்களின் நீளத்தைக் கூட்டி எண்ணிக்கையை முடிவு செய்யும் பழைய விதி சறுக்குவது இங்கேதான். நீளம் ஐந்து மடங்கானால் உடல் எடை ஏறத்தாழ 125 மடங்காகும். 15 செ.மீ. தங்கமீனை 3 செ.மீ. மீன்கள் ஐந்துக்கு ஈடாக வைத்தால், அது கழிக்கும் அம்மோனியாவுக்கு எந்த ஃபில்டரும் ஈடுகொடுக்காது.

கப்பி சின்ன மீன், அழகு, உப்புகள் மிகுந்த கடின நீரையும் தாங்கும். தொல்லை அதன் குடும்ப விருத்தி. ஏறக்குறைய நான்கு வாரத்துக்கு ஒருமுறை இருபது, முப்பது குஞ்சுகளை ஈனும். பெண் மீன்களை மட்டும் வாங்கினாலும் தப்ப முடியாது: ஆணின் விந்தணுவை மாதக்கணக்கில் உடலில் சேமித்து வைத்துக்கொண்டு ஈன்றுகொண்டே இருக்கும். வாலழகு முழுவதும் ஆணிடம்தானே இருக்கிறது. ஆண் மீன்களை மட்டும் வாங்கி, எட்டோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

நியான் டெட்ரா 4 செ.மீ.யைத் தாண்டுவது அரிது. வீட்டுத் தொட்டியில் அதன் குஞ்சு பிழைப்பதும் அரிது. பத்து விட்டால் பத்தாகவே இருக்கும். நெரிசலுக்குப் பயந்து மூன்றே மூன்று வாங்குவதும் தவறு. கூட்டம் இல்லாத நியான் ஃபில்டர் மூலையில் நிறம் வெளிறிப் பதுங்கும். பத்து சேர்ந்தால் நடு நீரில் நீலக்கோடாக நகரும். தண்ணீர் மென்மையாக இருந்தால் என் தேர்வு இதுதான். கடினமாக இருந்தால் ஆண் கப்பி.

எதுவானாலும், மீன் கழிக்கும் அம்மோனியாவைச் சிதைக்கும் நுண்ணுயிரிகள் ஃபில்டரில் பெருகி நிலைகொள்ள நான்கு முதல் ஆறு வாரம் பிடிக்கும். புதுத் தொட்டியை நியான் தாங்கவே தாங்காது. அந்த வாரங்கள் கழிந்த பின், முதலில் ஐந்து நியான் விடுங்கள். இரண்டு வாரம் கழித்தும் நீரில் அம்மோனியா, அது சிதையும்போது உண்டாகும் நைட்ரைட் என்ற நஞ்சு இரண்டும் பூஜ்யமாகவே இருந்து, விடியற்காலையில் மீன்கள் நீர்ப்பரப்பில் வாய் பிளந்து மூச்சு வாங்காமல் இருந்தால் மீதி ஐந்தையும் விடலாம்.