வீட்டில் ஜெல் நகப்பூச்சு: நிறம் நன்று, பெட்டியில் பொருட்பட்டியல் இல்லை

இணையக் கடையில் வாங்கிய இந்தத் தொகுப்பில் சிறிய எல்.இ.டி. விளக்கு, பேஸ் கோட் (அடிப்பூச்சு), டாப் கோட் (மேற்பூச்சு), ஆறு வண்ணக் குப்பிகள், நக அரம், பூச்சைக் கழற்ற உதவும் கவ்விகள் ஆகியவை இருக்கின்றன. வண்ணங்களில் குறை சொல்ல ஒன்றுமில்லை. குறிப்பாக மாதுளை முத்துப் போன்ற சிவப்பு, இரண்டு மெல்லிய பூச்சுகளிலேயே நகத்தின் நிறம் தெரியாதபடி சீராகப் படிகிறது. சாதாரண நெயில் பாலிஷ் இரண்டொரு நாளில் நுனியில் உதிர்ந்துவிடும் அளவுக்குப் பாத்திரம் துலக்கும் கைகளில்கூட, இதன் பளபளப்பு ஏறத்தாழ இரண்டு வாரம் குறையாமல் இருந்தது.

ஆனால் இதன் தரத்தை முடிவு செய்வது வண்ணமன்று, விளக்குதான். சாதாரணப் பூச்சு அதிலுள்ள கரைப்பான் ஆவியாவதால் உலர்கிறது; ஜெல்லோ ஒளி பட்டதும் அதிலுள்ள ஒளித்தூண்டிகள் வினைபுரிந்து, சிறு மூலக்கூறுகள் ஒன்றோடொன்று பிணைவதால் இறுகுகிறது. எனவே ஜெல்லுக்குப் பொருந்தாத விளக்கைப் பயன்படுத்தினாலோ, பூச்சைத் தடிமனாகப் போட்டாலோ, மேற்புறம் கெட்டியாகிவிட்டதுபோல் தோன்றினாலும் உள்ளே ஜெல் இறுகாமலே தங்கிவிடும். இந்தத் தொகுப்பில் விளக்கும் ஜெல்லும் ஒரே நிறுவனத்தின் தயாரிப்பாக இருப்பது நல்ல விஷயம். ஆனால் விளக்கு சிறியதாக இருப்பதால், நான்கு விரல்களோடு சேர்த்து நீட்டும்போது கட்டைவிரல் சாய்ந்துகொள்கிறது. அதைத் தனியாக ஒருமுறை காட்ட வேண்டும் என்பதைக் கையேடு சொல்லியிருக்க வேண்டும்.

இதைவிடப் பெரிய குறை, பெட்டியின் எந்தப் பக்கத்திலும் பொருட்பட்டியல், அதாவது ஜெல்லில் என்னென்ன கலந்திருக்கின்றன என்ற விவரம், இல்லாதது. ஜெல் பூச்சுகள் பலவற்றில் ஹெமா எனப்படும் ஹைட்ராக்சி எத்தில் மெத்தாக்ரிலேட் சேர்க்கப்படுகிறது. இறுகாத நிலையில் இது தோலில் படப்பட ஒவ்வாமை உண்டாகலாம். அரிப்பு, சிவத்தல், நகம் சதையிலிருந்து பிரிதல் வரை போகலாம். ஒருமுறை வந்த ஒவ்வாமை பெரும்பாலும் வாழ்நாள் முழுவதும் நீடிக்கும் என்பதோடு, பல் அடைப்புக்கான பொருள்களிலும் இதே குடும்பத்துச் சேர்மங்கள் இருப்பதால், பின்னாளில் பல் சிகிச்சையிலும் சிக்கல் எழலாம். ஐரோப்பிய ஒன்றியம் 2021 முதல் ஹெமா கலந்த நகப்பூச்சுகளைத் தொழில்முறைப் பயன்பாட்டுக்கு மட்டுமே அனுமதிக்கிறது, டி.பி.ஓ. என்ற ஒளித்தூண்டியை 2025 செப்டம்பர் முதல் அழகுசாதனப் பொருள்களில் தடை செய்துவிட்டது. இவை இரண்டும் உள்ளனவா என்று வாங்குபவர் அறிய வழியே இல்லாத ஒரு பொருளை, எளிதில் ஒவ்வாமை வரும் தோலுடையவர்களுக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன். மற்றவர்களும் நக ஓரத் தோலைத் தொடாமல் மயிரிழை இடைவெளி விட்டுத் தீட்டுவதும், தோலில் வழிந்ததை விளக்கில் கை வைக்கும் முன்பே துடைத்துவிடுவதும் கட்டாயம்.

கழற்றும் கவ்விகள் மிகவும் உதவுகின்றன. மேற்பூச்சை அரத்தால் இலேசாக உராய்ந்து, அசிட்டோனில் நனைத்த பஞ்சை வைத்துக் கவ்வினால், பத்துப் பதினைந்து நிமிடத்தில் ஜெல் இளகி, மரக்குச்சியால் மெல்லத் தள்ளினாலே வந்துவிடுகிறது. பொறுமையின்றி உரித்தெடுத்தால் நகத்தின் மேலடுக்கும் சேர்ந்து வரும். அசிட்டோன் தொகுப்பில் இல்லை. அசிட்டோன் கலக்காத ரிமூவர்களுக்கு இது எளிதில் இளகாது என்பதால், அசிட்டோனையே தனியாக வாங்கிக்கொள்ள வேண்டும். அது சட்டெனத் தீப்பற்றக்கூடியது. அடுப்பங்கரையில் வைத்து இந்த வேலையைச் செய்யக்கூடாது.