ஹீட்டர் கோரில் ஹோஸ் பொருத்துவது: கிளாம்பா, பற்றவைப்பா, பசையா?

கணினியைத் தண்ணீரால் குளிர்விக்கத் தொடங்கிய காலத்தில், அதற்கென்றே செய்த ரேடியேட்டர்கள் எளிதில் கிடைக்கவில்லை. காரின் உட்புறத்தைச் சூடாக்கும் சிறு ரேடியேட்டரான ஹீட்டர் கோரைத்தான் பலரும் கழற்றி வந்தார்கள். 1977 போண்டியாக் போன்வில் காரின் கோர், இரண்டு 120 மி.மீ. விசிறிகளுக்கு ஏற்ற அளவில் இருந்ததால் தனிப் புகழே பெற்றது. செம்பும் பித்தளையும் சேர்ந்த நல்ல கோர் இன்றும் சளைக்காமல் வேலை செய்யும். இடறுவது வாய்க்குழாய்தான். அதன் வெளிவிட்டம் பெரும்பாலும் 16 அல்லது 19 மி.மீ.; கணினி ஹோஸின் உள்விட்டமோ 10 அல்லது 13 மி.மீ.

எதற்கும் முன்னால் குழாயின் கறுப்புப் பெயிண்டைக் கொஞ்சம் சுரண்டிப் பாருங்கள். சிவப்போ மஞ்சளோ தெரிந்தால் மேலே படியுங்கள். வெள்ளையாகத் தெரிந்தால் அது அலுமினியம். அந்தக் கோரை ஒதுக்கிவிடுங்கள். செயலியின் மேல் உட்கார்ந்து அதன் சூட்டைத் தண்ணீருக்குக் கடத்தும் பிளாக் பெரும்பாலும் செம்பு. இரண்டும் ஒரே தண்ணீரில் இருந்தால் அலுமினியம் அரித்துப்போகும்.

என் முதல் ஓட்டு எந்தப் பொருத்தியும் இல்லாத வழிக்கே. 16 மி.மீ. குழாயில் 13 மி.மீ. ஹோஸை நேரடியாகவே ஏற்றிவிடலாம். ஹோஸின் நுனியைச் சுடுநீரில் இரண்டு நிமிடம் வைத்து, இளகியதும் ஒரே மூச்சில் திருகித் தள்ளி, கிளாம்பை இறுக்கினால் போதும். குழாயின் நுனியில் ஒரு புடைப்பு வளையம் இருக்கும். ஹோஸ் நழுவாமல் பிடிப்பது அதுதான் என்பதால் அதை அறுத்துவிடாதீர்கள். 19 மி.மீ. குழாய்க்கு இந்த வித்தை செல்லாது. கார் ஹீட்டர் ஹோஸில் ஒரு சிறு துண்டும் 19-இலிருந்து 13-க்கு இறங்கும் பித்தளை நிப்பிளும் (ஹோஸை மாட்டும் சிறு குழாய்) வேண்டும். பார்வைக்கு அழகில்லைதான். ஆனால் காரில் இதே மாதிரி இணைப்பு சுமார் 90 டிகிரி சூட்டையும் ஒரு பார் அளவு அழுத்தத்தையும் தாங்குகிறது. கணினியில் ஓடும் டி5 வகைப் பம்பு தண்ணீரை ஏற்றும் உயரம் 4 மீட்டருக்கும் குறைவு; அழுத்தம் 0.4 பாரைத் தாண்டாது.

குழாய் நீளமாக வளைந்து பெட்டிக்குள் அடங்கவில்லை என்றால், ஈயத்தை உருக்கி ஒட்டும் பற்றவைப்புதான் சரியான வழி. குழாயை அறுத்து, பிசிறை அரத்தால் எடுத்து, உப்புத்தாளால் பளபளப்பாகத் தேய்த்து, ஈயம் நன்றாகப் பிடிக்க உதவும் ஃபிளக்ஸ் தடவி, உள்ளே கச்சிதமாக நுழையும் நிப்பிளைப் பற்றவைக்க வேண்டும். சரியாகச் செய்த இணைப்பு கோரின் ஆயுளுக்கும் நிற்கும். ஆபத்து, பக்கத்திலேயே இருக்கும் பழைய பற்றில்தான். குழாயை, கோரின் ஓரத்தில் தண்ணீர் சேரும் தொட்டியோடு சேர்த்திருப்பதும் சாதாரண ஈயப் பற்றுதான். வெள்ளீயமும் ஈயமும் சேர்ந்த 63/37 கலவை 183 டிகிரியிலேயே உருகிவிடும். என் முதல் முயற்சியில் குழாயைத் தொட்டிக்கு மிக அருகில் அறுத்துவிட்டேன். நிப்பிளில் ஈயம் ஓடுவதற்குள், தொட்டி ஓரத்தில் மங்கலாக இருந்த பழைய பற்று திடீரெனக் கண்ணாடிபோல் மின்னியது; குழாய் மெல்லச் சாய்ந்தது. மறுமுறை மூன்று செ.மீ. விட்டு அறுத்தேன், தொட்டிப் பக்கம் ஈரத்துணியைச் சுற்றினேன், சுடரை நிப்பிள் மேலேயே காட்டினேன். பழைய பற்று அசையவில்லை. வெள்ளிப் பற்றுக்கு 600 டிகிரிக்கு மேல் சூடு வேண்டும், இந்த இடத்துக்கு அது வேண்டவே வேண்டாம்.

தொட்டியிலேயே துளையிட்டு மரை போடலாம் என்பவர்களுக்கு ஒரு வார்த்தை: அந்தத் தகட்டின் கனத்தில் மரை நிற்காது. கால் அங்குல உள்மரை கொண்ட பித்தளைப் புஷ்ஷை முதலில் பற்றவைக்க வேண்டும். அடிக்கடி ஹோஸ் மாற்றுபவருக்கு அந்த உழைப்பு தகும்.

எபாக்சி பசையைப் பலர் சூட்டுக்குப் பயந்து ஒதுக்குகிறார்கள். கணினித் தண்ணீரின் சூடு அதற்கு ஒரு பொருட்டே இல்லை. அதை உடைப்பது இழுவை. நான் ஒட்டிய இணைப்பு எட்டு மாதம் சொட்டுக்கூட விடவில்லை. பெட்டியை நகர்த்தியபோது ஹோஸ் ஒருமுறை இழுபட்டது. பசையின் விளிம்பில் மயிரிழை போல ஒரு கோடு விழுந்தது, மறுநாள் காலை அதன் கீழே தண்ணீர். சுடரைக் கையாள வழியே இல்லாதவர் மட்டும் இதை எடுக்கலாம். ஒரு குழாய்க்குள் இன்னொன்று இரண்டு செ.மீ. நுழைந்திருக்க வேண்டும், இரு பரப்பையும் சொரசொரப்பாக்கி எண்ணெய்ப் பசை போகத் துடைத்திருக்க வேண்டும், 24 மணி நேரம் காய வேண்டும், ஹோஸைப் பெட்டியோடு கட்டியிருக்க வேண்டும்.

எந்த வழியானாலும் ஒரு வாயை அடைத்து, கோரை வாளித் தண்ணீரில் அமிழ்த்தி, மறுவாயில் ஊதிப் பாருங்கள், குமிழி வரக்கூடாது. ஃபிளக்ஸ் மிச்சம் உலோகத்தை அரிக்கும் என்பதால் உள்ளே பலமுறை அலசிவிடுங்கள். பிறகு பெட்டிக்கு வெளியே ஒரு முழு நாள் பம்பை ஓட்டி, ஒவ்வோர் இணைப்பின் கீழும் ஒரு வெள்ளைக் காகிதம் வையுங்கள். இரவில் விழுந்த ஒற்றைச் சொட்டு காய்ந்துபோனாலும், சுருங்கிய வட்டமாகக் காகிதத்தில் அதன் தடம் இருக்கும்.