நெத்தோலிக்குப் பச்சை இறைச்சி: 22 மாதக் கணக்கு

நெத்தோலி எங்கள் வீட்டுக்கு வந்தபோது அவளுக்கு மூன்று மாதம். சிப்பிப்பாறை நாட்டு நாயின் கலப்பு. கோவில்பட்டிப் பக்கம் ஒரு கல்யாணத்துக்குப் போன தம்பி, திரும்பும்போது அட்டைப்பெட்டியில் வைத்துக் கொண்டுவந்துவிட்டான். விலா எலும்பு தெரிய, நீளக் காலும் கூர்மூக்குமாக நின்றவளைப் பார்த்து பக்கத்து வீட்டு அக்கா, "இதென்ன, நெத்தோலிக் கருவாடு கணக்கா இருக்கு" என்றார். அதுவே பெயராகிவிட்டது.

நான் கன்னியாகுமரி மாவட்டம் குலசேகரத்தில் ஒரு ரப்பர் கடையில் கணக்கு எழுதுகிறேன். வீட்டுக்காரர் குவைத்தில். வீட்டில் நானும் அம்மாவும் ஐந்து வயது மகளும். பச்சை இறைச்சி விஷயத்தில் வீட்டில் யார் யார் இருக்கிறார்கள் என்பது முக்கியம், அதனால் இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

பாக்கெட் தீனியை அவள் முகர்ந்துகூடப் பார்க்க மாட்டாள். தயிர்ச்சோற்றில் பிசைந்து வைத்தால் சோற்றை நக்கிவிட்டு, தீனி உருண்டைகளை ஒவ்வொன்றாக வாயில் எடுத்து வாசல்படியில் கொண்டுபோய் வைப்பாள். ஒரு நாள் எண்ணினேன். 17 உருண்டை, வரிசையாக. உடனே அம்மாவுக்கு மனசு பொறுக்காது. "பாவம் மக்களே, பட்டினி கிடக்கு" என்று புட்டில் மீன்குழம்பை ஊற்றிக் கொடுத்துவிடுவார். குழம்பு முழுக்கச் சின்ன வெங்காயம். வெங்காயமும் பூண்டும் நாயின் ரத்தச் சிவப்பணுக்களைக் கெடுக்கும் என்று அப்போது எங்கள் வீட்டில் ஒருவருக்கும் தெரியாது.

டாக்டரிடம் கொண்டுபோனேன். உண்ணிக் காய்ச்சல் இருந்தாலும் நாய் இப்படித்தான் சாப்பாட்டை ஒதுக்கும் என்று ரத்தம் எடுத்துப் பார்த்தார், மலத்தில் பூச்சி இருக்கிறதா என்று பார்த்தார். எல்லாம் சரியாக இருந்தது. "நாய்க்கு ஒண்ணும் இல்ல. நீங்கதான் இப்படிப் பழக்கி வச்சிருக்கீங்க" என்றார். எனக்குச் சுருக்கென்றது. அவர் சொன்னது முக்கால்வாசி உண்மை என்று பிறகு தெரிந்துகொண்டேன்.

அப்போதுதான் பச்சை இறைச்சி பற்றிய வீடியோக்கள் கண்ணில் பட்டன. இயன் பில்லிங்ஹர்ஸ்ட் என்ற ஆஸ்திரேலியக் கால்நடை மருத்துவர் 1993 வாக்கில் பரப்பிய முறை இது. நாய் ஓநாய் வம்சம், அதற்கு இறைச்சியும் எலும்பும்தான் உணவு என்று ஆளுக்கு ஆள் சொன்னார்கள். நான் அதில் பாதியை மட்டும் காதில் வாங்கிக்கொண்டேன். எலும்பு தொண்டையில் சிக்கிவிடுமோ என்று பயம். அதனால் எலும்பில்லாத கோழி, அதோடு அவள் ஆசையாகத் தின்கிறாளே என்று கை நிறைய ஈரல். வைத்த தட்டு ஒரு நிமிடத்தில் பளபளவென்று ஆகிவிடும். குவைத்துக்கு வீடியோ அனுப்பினேன். அவர் அலுவலகத்தில் எல்லோருக்கும் காட்டினாராம்.

ஐந்து வாரம் இப்படியே போயிற்று. ஈரல் அதிகமானதால் மலம் கறுப்பாக, தார் மாதிரி போனது. அதையும் நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஒரு நாள் காலையில் வழக்கம்போல் படியைத் தாண்டிக் குதிக்காமல் கீழே நின்று என்னைப் பார்த்தாள். தூக்கிவிட்டால் முன்னங்காலைப் பதமாக ஊன்றி நடந்தாள். திருநெல்வேலிக்குக் காரில் கொண்டுபோய் எக்ஸ்ரே எடுத்தோம். டாக்டர் படத்தை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். எலும்பின் வெள்ளை ஓரம் இருக்க வேண்டிய கனத்தில் இல்லை, மங்கலாக இருந்தது. முறிவு இல்லாததுதான் அதிர்ஷ்டம்.

காரணத்தை அவர் சொன்னபோதுதான் எனக்கு உறைத்தது. சதை இறைச்சியில் பாஸ்பரஸ் நிறைய, கால்சியம் இல்லை என்றே சொல்லலாம். வளரும் குட்டிக்கு இரண்டும் ஏறக்குறைய 1.2க்கு 1 என்ற அளவில் வேண்டும். சாப்பாட்டில் கால்சியம் வராவிட்டால் உடம்பு ரத்தத்தின் அளவைக் காப்பாற்ற அதன் சொந்த எலும்பிலிருந்தே கரைத்து எடுக்கும். "இன்னும் ஒரு மாசம் விட்டிருந்தா ஓடும்போதே ஒடிஞ்சிருக்கும்" என்றார். ஊர்க் கடையின் வரவுசெலவை எல்லாம் பைசா சுத்தமாக எழுதுகிறவள், என் வீட்டு நாயின் கணக்கில் செலவை மட்டும் பார்த்து வரவைப் பார்க்காமல் விட்டிருக்கிறேன்.

அதன்பின் ஆறு வாரம் பச்சை கிடையாது. வேகவைத்த கோழி, டாக்டர் எழுதிக்கொடுத்த அளவில் கால்சியம், ஓட்டம் சாட்டம் இல்லாமல் ஓய்வு. கூடவே இன்னொரு கட்டளையும் போட்டார். தட்டை வைக்க வேண்டும், 15 நிமிடம் கழித்து மிச்சம் இருந்தாலும் எடுத்துவிட வேண்டும், அடுத்த வேளை வரை யாரும் ஒன்றும் கொடுக்கக் கூடாது. மிகச் சிறிய இன நாய்க்குட்டிகளுக்கு இதைச் செய்யக் கூடாது, சர்க்கரை இறங்கிவிடும். இவளுக்குப் பயமில்லை என்றார். முதல் இரண்டு நாள் அவளைவிட அம்மாவைச் சமாளிப்பதுதான் பெரும்பாடு. புட்டுக்குடத்தை நான் ஒளித்துவைக்காத குறை. மூன்றாம் நாள் தட்டு காலி. ஆக, இவளுடைய அடம் போனது தட்டை எடுத்ததால்தான். அப்போது அவள் தின்றது வேகவைத்த கோழி. பச்சை இறைச்சி கொடுத்தால் அடம் பிடிக்கும் நாய் மாறிவிடும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

அப்படியானால் ஏன் மறுபடி பச்சைக்குப் போனேன் என்று கேட்பீர்கள். கொஞ்சம் பிடிவாதம், கொஞ்சம் வசதி. தினமும் ராத்திரி இன்னொரு அடுப்பு எரிக்க முடியவில்லை. டாக்டருக்குச் சம்மதமில்லை. அமெரிக்கக் கால்நடை மருத்துவச் சங்கம் 2012இலேயே பச்சை இறைச்சி கொடுக்க வேண்டாம் என்று கொள்கையாக அறிவித்ததை எடுத்துச் சொன்னார். நான் கேட்கவில்லை என்றதும், "செய்யறதுன்னா எடை போட்டுச் செய்யுங்க" என்றார். அந்த ஒரு வார்த்தையைத்தான் இன்றுவரை பிடித்துக்கொண்டிருக்கிறேன்.

ஏழாவது மாதத்தில் மாற்றினோம். முதலில் முழுக்க வெந்தது, அப்புறம் வெளிப்புறம் மட்டும் சுண்டியது, அப்புறம் வெந்நீரில் முக்கி எடுத்தது, கடைசியில் பச்சை. 18 நாள் ஆயிற்று. குளிர்சாதனப் பெட்டியிலிருந்து எடுத்துச் சில்லென்று வைத்தால் முகத்தைத் திருப்பிக்கொள்வாள். பையோடு கிண்ணத்து வெதுவெதுப்பான நீரில் பத்து நிமிடம் போட்டால் வாசம் எழும்பிவரும், தின்பாள். எலும்பு இருப்பதால் அடுப்பில் காட்டிச் சூடாக்கக் கூடாது. வெந்த எலும்பு ஊசி ஊசியாக உடையும்.

பொதுவாகச் சொல்லும் கணக்கு, 80 பங்கு சதை, 10 பங்கு தின்னக்கூடிய எலும்பு, 5 பங்கு ஈரல், 5 பங்கு மண்ணீரல் அல்லது சிறுநீரகம். வளரும் வயதில் 11 கிலோ இருந்தபோது நாளைக்கு 550 கிராம் கொடுத்தேன், எலும்பின் பங்கைக் கொஞ்சம் கூட்டி. இப்போது 18 கிலோ, நாளைக்கு 450 கிராம், இரண்டு வேளையாக. தோலோடு உள்ள கோழிக் கழுத்தில் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று மேல் எலும்பு என்று கொண்டால், தினம் 125 கிராம் கழுத்து போதும். ஈரல் வாரத்துக்கு 160 கிராம். கறிக்கடை அண்ணாச்சி, "160 கிராம் ஈரலுன்னு கேக்க ஒரே ஆளு நீங்கதான் அக்கா" என்று இன்னும் சிரிக்கிறார். ஈரலைக் கூட்டிக்கொண்டே போனால் வைட்டமின் ஏ உடம்பில் தங்கிவிடும். ஆட்டுச் சுவரொட்டி (மண்ணீரல்), போத்து (எருமைக்கடா) இறைச்சி, கோழி என்று மாற்றி மாற்றி வாங்குவேன். பன்றி இறைச்சி மட்டும் பச்சையாகக் கொடுப்பதே இல்லை.

கணக்கு சரியா என்று பார்க்க காலையில் தோட்டத்தில் குனிந்து பார்த்தால் போதும். மலம் வெள்ளையாகச் சுண்ணாம்புக் கட்டி போல் பொடிந்தால் எலும்பு கூடிவிட்டது. அன்று அவள் முக்குவதைப் பார்க்கவே பாவமாக இருக்கும். களியாகப் போனால் எலும்பு குறைவு, அல்லது ஈரல் கூடுதல். ரப்பர் ஷீட்டைக் கையில் தூக்கிப் பார்த்துத் தரம் சொல்லுகிற எங்கள் முதலாளியைப் போல நானும் இதில் தேறிவிட்டேன்.

முதல் கழுத்தை அவள் கடிக்காமலே விழுங்கி, அரை மணி நேரத்தில் முழுசாக வாந்தி எடுத்ததையும் சொல்ல வேண்டும். இப்போது பாதி உறைந்த நிலையில் கொடுக்கிறேன். கடித்துத்தான் ஆக வேண்டும்.

இந்த 80, 10, 10 கணக்கோடு நிறுத்திக்கொள்கிறவர்கள் நிறையப் பேர். அது போதாது. அமெரிக்க தேசிய ஆராய்ச்சிக் குழு 2006இல் வெளியிட்ட நாய்களுக்கான ஊட்டச்சத்து அட்டவணையோடு ஒப்பிட்டால் மாங்கனீசு, துத்தநாகம், வைட்டமின் டி, வைட்டமின் இ, அயோடின் எல்லாம் குறைவாக இருக்கும். வெளிநாட்டில் மாங்கனீசுக்கு ஒரு வகைச் சிப்பியைக் கொடுக்கிறார்கள். அதைப் படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. குளச்சல், கடியபட்டணம் பக்கம் பாறைகளில் முங்கி எடுத்துவரும் சிப்பியை நாம் மிளகு போட்டு வறுத்துத் தின்கிறோமே, அந்த வகைதான். வாரம் இரண்டு நாள் நான்கைந்து சிப்பி அவித்து, ஓட்டை நீக்கிக் கொடுக்கிறேன். கிடைக்கிற காலத்தில் அவித்து உறையவைத்துவிடுவேன். துத்தநாகத்துக்குப் போத்து இறைச்சி, வைட்டமின் இக்கு டாக்டர் சொன்ன மாத்திரை.

வைட்டமின் டிக்கும் ஒமேகா கொழுப்புக்கும் சாளை, அதாவது மத்தி மீன். மீனை மட்டும் பச்சையாகக் கொடுக்க மாட்டேன். சில மீன்களில் வைட்டமின் பி1ஐ உடைக்கும் ஒரு நொதி இருக்கிறது, சாளையும் நெத்தோலியும் அந்தக் கூட்டத்தில் சேரும். வேகவைத்தால் அது போய்விடும். உப்பில்லாமல் குக்கரில் போட்டுக் கூடுதலாக இரண்டு விசில் விட்டால் முள்ளும் மாவாகிவிடும். ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை மேற்குக் கரையில் விசைப்படகுத் தடை, அதற்கு முன்பே ஏப்ரல் 15 முதல் கிழக்குக் கரையில், சின்னமுட்டம் பக்கம் தடை. அந்த மாதங்களில் வள்ளத்து மீன் வந்தாலும் விலையைக் கேட்டால் நெத்தோலிக்கு இருக்கட்டும், நமக்கே வாங்கத் தோன்றாது. மே மாதத்திலேயே பெட்டியை நிரப்பிவிடுவேன்.

பெட்டி என்றதும் கரண்ட் ஞாபகம் வருகிறது. 2017இல் ஓக்கிப் புயல் அடித்தபோது நாள்கணக்கில் இருட்டில் கிடந்த ஊர் இது. போன ஐப்பசி மழையில் ஒன்றரை நாள் கரண்ட் போய், ஆறு கிலோ இறைச்சியைக் குழி தோண்டிப் புதைத்தேன். அன்றிலிருந்து பச்சை இறைச்சியை மட்டும் பத்து நாள் சரக்குக்கு மேல் வைப்பதில்லை. உறையவைத்தால் ஒட்டுண்ணிகள் பலதும் சாகும். சால்மோனெல்லா மாதிரிக் கிருமிகள் சாகாது, தூங்கிக் கிடந்து எழுந்துவிடும். நாய்க்கு ஒன்றும் செய்யாவிட்டாலும் அதன் வாயிலும் மலத்திலும் இருக்கும். அதனால் அவளுக்குத் தனி வெட்டுப்பலகை, தனி எவர்சில்வர் தட்டு, பின்வாசல் சிமென்ட் தரையில்தான் சாப்பாடு, முடிந்ததும் வெந்நீரும் சோப்பும். மகளின் முகத்தை அவள் நக்கக் கூடாது என்பது சட்டம். இந்தச் சட்டம் வாரத்துக்கு இரண்டு முறையாவது மீறப்படுகிறது, அதுதான் இந்த ஏற்பாட்டில் எனக்கு உறுத்தும் இடம். ஆடு மாடுகளின் உள்ளுறுப்பிலிருந்து நாய்க்குத் தொற்றி, மனிதருக்கு ஈரலில் நீர்க்கட்டி உண்டாக்கும் நாடாப்புழு ஒன்று உண்டு. அதற்காக மூன்று மாதத்துக்கு ஒரு முறை டாக்டர் தரும் பூச்சிமாத்திரை தவறுவதில்லை. கைக்குழந்தை இருக்கும் வீட்டிலும், புற்றுநோய்ச் சிகிச்சை எடுப்பவர்கள் இருக்கும் வீட்டிலும் நான் இதைத் தொடங்கவே மாட்டேன். வேகவைத்து, முட்டை ஓட்டுத் தூளை எடை போட்டுச் சேர்த்துக் கொடுப்பேன். ஒரு கிராம் தூளில் சுமார் 380 மில்லிகிராம் கால்சியம் இருக்கிறது, எவ்வளவு என்பதை டாக்டர் சொல்வார்.

"பச்ச எறச்சி குடுத்தா நாய்க்கு வெறி புடிச்சிரும் மக்களே" என்று அம்மா பல மாதம் புலம்பினார். அப்படி ஒன்றும் இல்லை, வெறிநோய் கடியால் வருவது, அதற்கு ஊசி போட்டிருக்கிறோம். ஆனால் எலும்பு வாயில் இருக்கும்போது மகள் கிட்டே போனாள் என்று ஒருமுறை பல்லைக் காட்டி உறுமினாள். அதன்பின் அவள் தின்று முடிக்கும்வரை பின்வாசல் கதவு சாத்தியே இருக்கும்.

செலவு மாதம் 2,300 ரூபாய்க்கு முன்பின். பாக்கெட் தீனியில் நல்லது என்று சொல்கிறவற்றோடு பார்த்தால் கொஞ்சம் குறைவு, என் ஞாயிற்றுக்கிழமைக் காலையைக் கணக்கில் சேர்க்காவிட்டால். பல் நன்றாக இருக்கிறது. மலம் குறைவு, நாற்றமும் குறைவு. முடி மினுங்குகிறது, அது சாளையால் என்றுதான் நினைக்கிறேன், பச்சை என்பதால் அல்ல. உண்ணி முன்பு போலவே ஏறுகிறது. எலும்பு தெரிகிற உடம்பும் அப்படியேதான், அது வம்சம். ஒரு வருடம் கழித்து எடுத்த எக்ஸ்ரேயில் எலும்பு ஓரம் கோடு போட்டது போல் வெள்ளையாக இருந்தது. வெளியூர் போகும்போதுதான் தொல்லை, நாயைப் பார்த்துக்கொள்ளும் இடங்களில் பச்சை இறைச்சி என்றதும் கையெடுத்துக் கும்பிடுகிறார்கள்.

அடம் முழுசாகப் போய்விட்டது என்று நினைக்க வேண்டாம். சுவரொட்டி வைக்கும் நாளில் மற்றதெல்லாம் தின்றுவிட்டு, அந்தத் துண்டை மட்டும் மெதுவாக வாயில் தூக்கிக்கொண்டு போய் படியில் வைக்கிறாள். வைத்துவிட்டு என்னைப் பார்ப்பாள். நான் சுவர்க் கடிகாரத்தைப் பார்ப்பேன். பதினான்காவது நிமிடத்தில் எடுத்துத் தின்றுவிடுவாள்.