சாடில் பேக்: நெல்லை ரோடுகளுக்குத் தாங்குமா?

நாலு நாளுக்கு மேல் வண்டியில் போகிறவர் முதுகில் பை மாட்டக் கூடாது. எட்டுக் கிலோ தோளில் தொங்கினால் கோவில்பட்டி தாண்டும்போதே கழுத்து இறுக ஆரம்பிக்கும். சித்திரை வெயிலில் முதுகுக்குக் காற்றே கிடைக்காது. கீழே விழுந்தால் பைக்குள் கிடக்கும் ஸ்பானர் முதுகெலும்பில் குத்தும். அலுமினியப் பெட்டி, அதை மாட்டும் ஸ்டாண்டோடு சேர்த்துக் காலியாகவே பத்துக் கிலோவைத் தாண்டிவிடும், அகலமும் அதிகம். இரண்டுக்கும் நடுவில் இருப்பது சாடில் பேக்: பின்சீட்டின் குறுக்கே போட்டு இரு பக்கமும் தொங்கவிடும் துணிப்பை ஜோடி. இரண்டும் சேர்த்து 40 முதல் 60 லிட்டர் கொள்ளும், காலி எடை இரண்டு மூன்று கிலோதான். கிளாசிக் 350, புல்லட் வகை வண்டி வைத்திருக்கிறவருக்கு இதைத்தான் முதலில் சிபாரிசு செய்வேன். ஆனால் கடையில் தொங்கியபடியே வாங்கி மாட்டிக்கொண்டு போனால் நம் பக்கத்து ரோட்டில் தேறாது.

நெல்லையைச் சுற்றி நூறு கிலோமீட்டருக்குள் மூன்று விதமான வானிலை இருக்கிறது. பாளையங்கோட்டையில் காய்கிற வெயில், ஆரல்வாய்மொழிக் கணவாயில் வண்டியையே தள்ளும் காற்று, செங்கோட்டை தாண்டினால் சாரல். ஆனி, ஆடியில் இந்த மூன்றும் ஒரே நாளில் வரும். வெயிலை மட்டும் நினைத்துத் தைத்த பையை மழை காட்டிக்கொடுக்கும். மழையைச் சமாளிக்கிற பையைத் தப்பாகக் கட்டினால் காற்று காட்டிக்கொடுக்கும்.

முதலில் பார்க்க வேண்டியது சேலை கார்டு. நம் நாட்டு வண்டிகளில் இடது பக்கம் பின்சக்கரத்தை மறைத்து ஒரு கம்பித் தடுப்பு சட்டப்படி இருக்கும். இடது பக்கப் பை அதன் மேல் நன்றாகச் சாய்ந்து நிற்கும். வலது பக்கம் அது கிடையாது. அங்கே இருப்பது சைலன்சர். வேகத்தடையில் ஏறி இறங்கும்போதெல்லாம் வலது பை உள்ளே ஆடி டயரைத் தொடும், அல்லது கீழே இறங்கி சைலன்சரில் படும். நைலான் துணி சூட்டில் உருகி ஒட்டிக்கொள்ளும். பிறகு பையும் போச்சு, உள்ளே இருக்கிற சட்டையும் போச்சு. சாடில் பேக்கைக் குறை சொல்கிறவர்கள் பலரும் சொல்வது இந்த வலது பக்கத்துச் சேதத்தைத்தான். மருந்து எளிது. சாடில் ஸ்டே என்று விற்கும் வளைந்த கம்பியை வலது பக்கம் கட்டாயம் மாட்டுங்கள். கிடைக்காவிட்டால் உங்கள் வண்டியை நேரில் காட்டி வெல்டிங் பட்டறையில் அரை அங்குல இரும்புக் குழாயில் செய்துவிடலாம்; ஷாக் அப்சார்பர் மேல் போல்ட்டிலும் பின் கால்மிதிப் போல்ட்டிலும் பிடிக்கிற மாதிரி இருந்தால் போதும். பை நிறைந்திருக்கும்போது அதன் அடிக்கும் சைலன்சருக்கும் குறைந்தது ஐந்து சென்டிமீட்டர் இடைவெளி வேண்டும். காலிப் பையை வைத்து அளந்தால் ஏமாந்துபோவீர்கள்; எடை ஏறினால் பட்டை நீளும், பின்சீட்டில் ஆள் உட்கார்ந்தால் இன்னும் இறங்கும்.

இரண்டு பையையும் இணைக்கும் பட்டை பின்சீட்டுக்கு அடியில் போக வேண்டும், மேலே அல்ல. சீட்டைக் கழற்றி, பட்டையைப் போட்டு, ஒயர் எதுவும் நசுங்கவில்லை என்று பார்த்துவிட்டு மறுபடி மாட்டுங்கள். பை உரசும் இடங்களில் பெயிண்ட் போகும். பழைய சைக்கிள் டியூபை நீளவாக்கில் வெட்டி அந்த இடத்தில் கட்டிவிட்டால் உரசலும் நிற்கும், பையும் வழுக்காது. மிச்சம் தொங்கும் பட்டை நுனிகளைச் சுருட்டி ரப்பர் வளையம் போட்டு அடக்குங்கள். காற்றில் படபடக்கும் நுனி ஒரு நாள் செயினில் சிக்கும். கொக்கி வைத்த ரப்பர் கயிற்றைச் சாமான் கட்டப் பயன்படுத்தவே வேண்டாம். இழுத்துக் கட்டும்போது கை நழுவினால் கொக்கி நேராகக் கண்ணுக்கு வரும். ஓடும்போது அவிழ்ந்தால் சக்கரத்துக்குள் போகும். பல் வைத்த இரும்புப் பக்கிளோடு வரும் நைலான் பட்டை இரண்டு வாங்கினால் வருடக்கணக்கில் உழைக்கும்.

மழை விஷயத்துக்கு வருவோம். பெரும்பாலான பைகளோடு மஞ்சள் அல்லது ஆரஞ்சு நிறத்தில் ஒரு மழை உறை தருவார்கள். அதை நம்பக் கூடாது. எழுபதில் போகும்போது காற்று உள்ளே புகுந்து உறை பலூன் மாதிரி உப்பும், ஓரத்து எலாஸ்டிக் நழுவும். அதைவிட மோசம், பின்டயர் வாரியடிக்கும் தண்ணீர் முதுகுப்பக்கமாக உள்ளே போய் உறையின் அடியில் தேங்கும். மேலே நனையாத பை அடியில் தொட்டியாக நிற்கும். உங்களிடம் இருக்கும் உறையின் அடியில் வடிகால் ஓட்டை இல்லாவிட்டால் ஒன்று போட்டுவிடுங்கள். உண்மையில் காப்பாற்றுவது உள்பைதான்: வாயைச் சுருட்டி மூடும் ரப்பர் பூச்சுப் பை. காற்றை முழுக்கப் பிதுக்கிவிட்டு வாயை மூன்று சுருட்டுச் சுருட்டிப் பக்கிள் போட வேண்டும். ஒரு சுருட்டோடு நிறுத்தினால் தண்ணீர் ஏறும். வாங்க மனமில்லையென்றால் மூட்டைக்குள் போடும் கட்டிப் பாலித்தீன் பையை இரண்டு அடுக்காகப் போட்டு வாயை முறுக்கிக் கட்டுங்கள், அதுவும் தாங்கும். ஜிப்பை மட்டும் நம்பிய பைக்கு நான் மதிப்பெண் போட மாட்டேன். திருச்செந்தூர், உவரி என்று கடலோரம் போய் வருகிறவர்களுக்கு உப்புக்காற்று ஜிப் ஓட்டியைக் கெட்டிப்படுத்திவிடும். வீடு வந்ததும் நல்ல தண்ணீரில் கழுவி, காய்ந்த பின் மெழுகுவர்த்தியை ஜிப் பல்லில் தேய்த்தால் ஓடும்.

மழைக்கோட்டைப் பைக்குள் வைக்கிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அது எப்போதும் வெளியே, எல்லாவற்றுக்கும் மேலே, ஒரு கையால் எடுக்கிற இடத்தில் இருக்க வேண்டும். கேரளா பக்கம் இறங்குகிறவர்கள் தூறல் இல்லாவிட்டாலும் செங்கோட்டையிலேயே போட்டுக்கொள்வது நல்லது. புளியரை எஸ் வளைவில் லாரிகள் ஏறி இறங்கும் இடத்தில் வண்டியை ஓரங்கட்டி கால்சட்டை மாட்ட இடமே கிடையாது.

எடை: பக்கத்துக்கு ஐந்து கிலோ, அதிகம் போனால் ஆறு. கடையில் கேட்கும் ‘60 லிட்டர்’ என்ற எண் ஆசை காட்டும். நிரப்பினால் பட்டைதான் கதறும். இரு பக்கத்துக்கும் வித்தியாசம் ஒரு கிலோவுக்கு மேல் போகக் கூடாது. கையால் தூக்கிப் பார்த்துக் கணக்குப் போடாமல் தொங்கு தராசில் மாட்டிப் பாருங்கள். ஸ்பானர், டியூப், பூட்டு போன்ற கனமானவை அடியில், முன்பக்கமாக. துணி மேலே, பின்பக்கமாக. பை முழுவதும் பின் ஆக்சிலுக்கு, அதாவது பின்சக்கர அச்சுக்கு, முன்னால் இருக்கிற மாதிரி இழுத்துக் கட்டுங்கள். ஆக்சிலுக்குப் பின்னால் தொங்கும் எடை முன்சக்கரத்தை லேசாக்கும். இதை ஆரல்வாய்மொழிப் பக்கத்து முப்பந்தல் சொல்லிக்கொடுக்கும். காற்றாலைகள் அங்கே நிற்பது சும்மா இல்லை. கணவாய் வழியே மேற்குக் காற்று குவிந்து வருகிறது. நாகர்கோவிலிலிருந்து வரும்போது முதுகில் அடித்த காற்று, காவல்கிணறில் வடக்கே திரும்பியதும் இடது பக்கத்தில் அறையும். லாரியை முந்தும்போது காற்று மறைந்து, லாரியின் முகப்பைத் தாண்டிய கணத்தில் மறுபடி அடிக்கும். அகலமான பை அந்த அடியை அப்படியே வாங்கும். அறுபதுக்கு இறங்கி, ஹேண்டிலை இறுக்காமல் முழங்காலால் டேங்கைப் பிடித்துக்கொள்ள வேண்டும். வண்டி நேர்ரோட்டில் தானாக நெளிந்தால் எடை பின்னால் போயிருக்கிறது என்று அர்த்தம். பணகுடியிலோ வள்ளியூரிலோ நிறுத்திப் பையை முன்னால் இழுத்துக் கட்டுங்கள். டயர் காற்றழுத்தத்தைப் பின்சீட்டில் ஆள் இருக்கும்போது எவ்வளவு என்று கையேட்டில் போட்டிருக்கிறதோ அவ்வளவு வைக்க வேண்டும். செயின் தொய்வையும் பை ஏற்றிய பிறகு ஒரு தடவை பாருங்கள்.

பஞ்சர் சாமானை வெளிப்பாக்கெட்டில் வைக்கச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. கம்பிச் சக்கரம், டியூப் டயர் உள்ள வண்டியில் பின்சக்கரத்தைக் கழற்றப் பையையே இறக்க வேண்டியிருக்கும். அதனால் சீட்டுக்கு அடியில் பட்டை நிலையாக இருக்க, பை மட்டும் பக்கிளில் கழன்று வருகிற மாடலை வாங்குங்கள். இரவில் லாட்ஜ் மாடிக்குத் தூக்கிப்போகவும் அதுதான் வசதி.

நீண்ட பயணத்துக்கு முன் ஒரு நாள் சோதனை ஓட்டம் அவசியம், அதற்கு நெல்லையைப் போல வசதியான ஊர் வேறு இல்லை. முழு எடையும் ஏற்றிக்கொண்டு விடியலில் கிளம்பி ஆலங்குளம், தென்காசி, செங்கோட்டை, ஆரியங்காவு, தென்மலை, புனலூர். அங்கிருந்து திருவனந்தபுரம், நாகர்கோவில், ஆரல்வாய்மொழி, காவல்கிணறு, நெல்லை. ஏறக்குறைய 350 கி.மீ. தென்மலைக்கு முன் பதிமூன்று கண் பாலம் பக்கம் நிறுத்திப் பட்டைகளை இறுக்குங்கள்; முதல் நூறு கிலோமீட்டரில் புதுப் பட்டை கட்டாயம் தளரும். திருவனந்தபுரம் முதல் நாகர்கோவில் வரை தூரம் எழுபதுதான், ஆனால் களியக்காவிளை, மார்த்தாண்டம், தக்கலை நெரிசலில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் போகும். பையின் அகலம் எவ்வளவு தொந்தரவு என்று அங்கே தெரிந்துவிடும். வீடு திரும்பியதும் வலது பையின் உள்பக்கத்தைத் தடவிப் பாருங்கள். பளபளப்போ கருப்போ தெரிந்தால் ஸ்டேயைச் சரிசெய்ய வேண்டும்.

வடக்கே போகத் திட்டம் என்றால் தேசிய நெடுஞ்சாலை 44 வாசலிலேயே இருக்கிறது. மதுரை 160 கி.மீ., நாலுவழிச் சாலை, டூவீலருக்குச் சுங்கம் இல்லை. பை ஏற்றிய 350 சிசி வண்டிக்கு எண்பதுதான் நிம்மதியான வேகம். நாலுவழியில் ஒரு நாளுக்கு 450 கி.மீ., மலையும் ஊர்களும் கலந்த ரோட்டில் 300 என்று கணக்கு வையுங்கள். 13 லிட்டர் டேங்க் என்றால் 250 கி.மீ. ஓடியதும் நிரப்பிவிடுங்கள். மைசூர் பக்கம் போகிறவர்கள் திம்பம், பந்திப்பூர் காட்டு ரோடுகள் இரவு 9 மணி முதல் காலை 6 மணி வரை மூடியிருக்கும் என்பதை வைத்துத்தான் அன்றைய தங்கும் ஊரை முடிவுசெய்ய வேண்டும். பெங்களூரு–மைசூர் விரைவுச்சாலையில் 2023 ஆகஸ்ட் முதல் டூவீலருக்கு அனுமதி இல்லை. சர்வீஸ் ரோடுதான், அதற்கேற்ப நேரம் கூடும்.

ஊரிலிருந்து போகிறவர் கையில் அல்வாவும் உடன்குடிக் கருப்பட்டியும் இருக்கும். அல்வாவை மூடி இறுகும் எவர்சில்வர் டப்பாவில், இடது பையில் வையுங்கள். காகிதப் பொட்டலத்திலிருந்து நெய் கசிந்தால் துணி முழுக்க ஏறும். கருப்பட்டி ஈரக்காற்றில் நீர்த்துவிடும், அது உள்பைக்குள். பவர் பேங்க், பஞ்சர் ஒட்டும் பசை இரண்டும் சைலன்சர் பக்கம் வேண்டாம்.

விலை மூவாயிரத்திலிருந்து பத்தாயிரத்துக்கு மேலும் இருக்கிறது. நடுவில் இருப்பதே போதும். வித்தியாசம் துணியில் அதிகம் இல்லை, தையலில்தான். பட்டை பையோடு சேரும் இடத்தில் சதுரம் போட்டு நடுவில் பெருக்கல் குறி மாதிரித் தைத்திருக்கிறதா என்று பாருங்கள். ஒற்றைக் கோடாக இருந்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். ஏற்கெனவே வாங்கிவிட்டீர்களென்றால் சீட் கவர் தைக்கிற கடையில் கொடுத்து, உள்ளே ஒரு துண்டு ரெக்சின் வைத்து அந்த இடங்களில் நைலான் நூலால் இரட்டைத் தையல் போடச் சொல்லுங்கள். சோதனை ஓட்டத்துக்கு முன்பே அதை முடித்துவிடுங்கள்.