முகம் இறங்கினால்: கொரிய கிளினிக் ஷாட்டா, ரெட்டினல் சீரமா?

கொரியாவின் சுவோன் நகரில் குடியேறி 7 வருடம் ஆகிறது. இரண்டு வருடத்துக்கு முன் பொங்கலுக்கு ஊருக்குப் போனபோது, "என்னடி, முகம் இப்படி இறங்கிப்போச்சு, ஒழுங்கா சாப்பிடுறியா?" என்று பெரியம்மா கேட்டார். சாப்பாட்டில் ஒரு குறையும் இல்லை. வயது 47, வாயோரத்தில் இரண்டு பக்கமும் சின்னதாகப் பை கட்டியிருந்தது, அவ்வளவுதான். கொரியா திரும்பியதும் முதலில் தோல் கிளினிக்குக்குப் போனேன். ரெட்டினல் என்ற வைட்டமின் ஏ வகைச் சீரம் பக்கம் வந்தது அதற்கு அப்புறம். இப்போது நான் சீரம் கட்சி, அதை மறைக்கப்போவதில்லை.

கொரியர்கள் இதை இரண்டு சொல்லில் பிரித்துப் பேசுவார்கள். தோல் விறைப்பு இழப்பது 'தல்லியோக்' குறைவது. கன்னமும் தாடையும் கீழே தொங்குவது 'சோஜிம்'. முதலாவதற்குக் கடையில் மருந்து உண்டு. இரண்டாவது நன்றாக முற்றிவிட்டால் எந்தக் குப்பியும் அதைத் தூக்கி நிறுத்தாது. இந்த வித்தியாசம் தெரியாமல்தான் பாதிப் பேர் காசை விடுகிறார்கள்.

சியோலில் கங்நாம், சின்சா பக்கம் சுரங்க ரயிலை விட்டு ஏறினால் எங்கே பார்த்தாலும் 'லிஃப்டிங்' விளம்பரம். உல்தெரா, ஷுரிங்க் என்ற கருவிகள் எல்லாம் ஒலியலையை ஒரு புள்ளியில் குவித்து, தோலுக்கு அடியில் 1.5, 3, 4.5 மில்லிமீட்டர் ஆழத்தில் சுடுபவை. 4.5 மில்லிமீட்டரில் இருப்பது, முகத்தை இழுத்துத் தைக்கும் அறுவை சிகிச்சையில் டாக்டர்கள் பிடித்து இழுக்கும் அதே படலம். சுட்ட இடம் சுருங்கி, இரண்டு மூன்று மாதத்தில் தோலை விறைப்பாக வைக்கும் புரதமான கொலாஜன் புதிதாக வரும். தெர்மாஜ் என்ற இன்னொரு கருவி ரேடியோ அலையால் அதற்கு மேலே உள்ள தோலையே சூடாக்கும். இரண்டும் நிறமியைத் தேடிப் போவதில்லை என்பதால், நம் மாநிறத் தோலுக்குச் சில லேசர்களைவிடப் பயம் குறைவு.

நான் ஒலியலையில் 300 ஷாட் போட்டுக்கொண்டேன். ஷாட் என்றால் ஊசி இல்லை, கருவி ஒருமுறை சுடுவது. மரப்புக் களிம்பு தடவி அரை மணி நேரம் உட்கார வைத்தார்கள். இருந்தும் தாடை எலும்பு ஓரத்தில் பல்லைக் கடித்துக்கொண்டுதான் படுத்திருந்தேன். மூன்றாம் மாதம் தாடைக்கோடு தெரிந்தது, பொய் சொல்லக்கூடாது. எட்டாம் மாதம் பை பழைய இடத்துக்கே வந்துவிட்டது. மறுபடி போனபோது, ஆலோசனை சொல்லும் 'சில்ஜாங்' அம்மா டாக்டர் முகத்தையே காட்டாமல் வருடத்துக்கு இரண்டு முறை என்று ஒரு பேக்கேஜை நீட்டினார். என் கன்னம் ஏற்கெனவே ஒட்டியது. கொழுப்புக் குறைந்த முகத்தில் ஷாட் அதிகமானால் கன்னம் குழி விழும் என்பது இங்கே எல்லாருக்கும் தெரிந்த கதை. அதை அவர் சொல்லவில்லை, நான்தான் கேட்டேன்.

வீட்டில் வைத்துத் தேய்க்கும் மின்கருவி ஒன்றும் வாங்கினேன். இழுப்பறையில் தூங்குகிறது. சால்மன் மீனின் டி.என்.ஏ.விலிருந்து எடுக்கும் ரெஜுரான் ஊசியும் நூல் வைத்து இழுப்பதும் நான் செய்துகொண்டதில்லை, அதனால் தீர்ப்புச் சொல்ல மாட்டேன்.

சரி, சீரம். 'கொலாஜன்' என்று பெரிதாக எழுதிய கிரீமை முதலில் ஒதுக்குங்கள். தோலுக்குள் சுலபமாக இறங்க மூலக்கூறின் எடை 500 டால்டனுக்குள் (மூலக்கூறை எடைபோடும் அலகு) இருக்க வேண்டும். கொலாஜன் கிட்டத்தட்ட 3 லட்சம். மேலே ஈரம் காக்கும், உள்ளே போகாது. ஜின்செங் கிரீம்கள் மணமாக, பட்டுப் போல இருக்கும். எனக்கும் பிடிக்கும், ஆனால் தாடையை அவற்றிடம் ஒப்படைக்க மாட்டேன். பெட்டியில் 'ஜுரும் கேசோன்', அதாவது சுருக்கம் குறைக்கும் என்ற அரசு அனுமதி இருக்கிறதா என்று பாருங்கள். அதற்குக் கணக்கு உண்டு: சேர்த்திருக்கும் பொருள் ரெட்டினோல் (இதுவும் வைட்டமின் ஏ வகை) என்றால் கிராமுக்கு 2,500 யூனிட், அடினோசின் என்றால் 0.04 சதவீதம்.

ரெட்டினோல் தோலுக்குள் இரண்டு படி மாறித்தான் வேலை செய்யும் அமிலமாகிறது. ரெட்டினலுக்கு ஒரே படி. அந்த அமிலத்தையே டாக்டர் சீட்டில் தருவதுதான் டிரெட்டினாயின். வெயிலில் முதிர்ந்த தோலில் அதைப் பத்துப் பன்னிரண்டு மாதம் தடவியபோது கொலாஜன் உருவாவது 80 சதவீதம் கூடியதாக 1993இல் ஓர் ஆய்வு வந்தது. கடைச் சீரத்துக்கு அவ்வளவு வேகம் கிடையாது, ஆனால் போகும் திசை அதுதான்.

என்னைச் சீரம் பக்கம் தள்ளியது பலன் அல்ல, பராமரிப்பு. கிளினிக்கில் எத்தனை ஷாட் போட்டாலும் சன்ஸ்கிரீனை விட முடியாது. தினமும் தடவியவர்களுக்கு நாலரை வருடத்தில் தோல் முதிர்ச்சி 24 சதவீதம் குறைவாக இருந்ததை ஆஸ்திரேலிய ஆய்வு ஒன்று 2013இல் காட்டியது. இரவுப் பூச்சையும் விட முடியாது. ஆக, சீரமா கிளினிக்கா என்று கேட்பதே சரியில்லை. சீரம் எப்படியும் உண்டு. அதற்கு மேல் ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஒரு சனிக்கிழமையும் மொத்தமாக ஒரு தொகையும் கட்டத் தயாரா என்பதுதான் கணக்கு. மாதவிடாய் நின்ற முதல் 5 வருடத்தில் தோலின் கொலாஜனில் சுமார் 30 சதவீதம் போய்விடும் என்கிறார்கள். எனக்கு அது வாசலில் நிற்கிறது. அந்த நேரத்தில் ஊருக்கே திரும்பிவிட்டால், அதே கருவி, அதே கை கிடைக்குமா? குப்பி பெட்டியில் வந்துவிடும். இரண்டு வாரம் தடவ மறந்தாலும் எதுவும் குடிமுழுகாது.

குப்பியிலும் வம்பு உண்டு. ஆர்வக்கோளாறில் முதல் வாரமே தினமும் தடவினேன். மூக்கோரம் உரிந்து, பழுப்புத் தழும்பு இரண்டு மாதம் நின்றது. நம் நிறத்துக்கு எரிச்சல் வந்தால் கறை தங்கும். வாரம் இரண்டு இரவு, மாய்ஸ்சரைசருக்கு மேலே, கழுத்துக்கும் சேர்த்து என்று தொடங்குங்கள். கர்ப்பிணிகள் தொடவே வேண்டாம். 14 மாதமாகத் தடவுகிறேன்: தோல் கெட்டிப்பட்டிருக்கிறது, பை பாதிதான் குறைந்திருக்கிறது.

மேல்மாடி மதுரைக்கார அக்காவுக்கு 58. கழுத்துத் தோலைக் கையில் பிடித்துக் காட்டி, "எனக்கும் அந்தக் குப்பி போதுமாடி?" என்றார். "இல்லக்கா, நீங்க கிளினிக்குக்கே போங்க" என்றேன். எத்தனை ஷாட் என்பதை சில்ஜாங்கிடம் இல்லாமல் டாக்டரிடம் பேசச் சொன்னேன். கருவியின் டிப்பை, அதாவது தோலில் படும் முனையை, கண்ணெதிரே உறை பிரிக்கச் சொல்லிக் கேட்கவும் சொன்னேன். இங்கே எல்லாரும் கேட்பார்கள், யாரும் தப்பாக நினைப்பதில்லை.